மாமியின் மல் துண்டு

'சைவம் மட்டும்' என்று அட்டையில் எழுதி கேட்டில் தொங்கவிட்டிருந்த வீடு அது. உள்ளே நுழைந்ததும் கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது மீன் பிடிக்கிற தூண்டில். பெருமாள் படத்துக்குக் கீழே இரண்டு ஆணி அடித்துப் படுக்கைவசத்தில் மாட்டியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை மாமி பார்த்துவிட்டாள்.

"அது மாமாவோடது. இப்போ நான் பிடிக்கறேன். திங்கறதுக்கில்ல" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்பது போல, "நீ முட்டை சாப்பிடுவியோ?" என்று கேட்டாள்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துச் சைவப்பிள்ளைமார் வீட்டுப் பையன். முட்டையும் கிடையாது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை. லஸ்ஸிலிருந்து ஆழ்வார்பேட்டை போகிற வழியில், ஒரு குறுக்குத் தெருவில் இருந்த அந்த வீட்டின் மாடி அறை எனக்குக் கிடைத்தது. தொண்ணூறுகளில் ஐந்து வருஷம் அங்கே இருந்தேன். மாமிக்குப் பெயர் உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

மாமிக்கு எதையும் வலிக்காமல் செய்யவேண்டும். கரப்பான்பூச்சியை அடிக்கமாட்டாள். பழைய கல்யாணப் பத்திரிகையில் ஏறவைத்து, கொல்லைக் கதவைத் திறந்து, "போடாப்பா" என்று வெளியில் விடுவாள். அது அவளுக்கு முன்னால் திரும்பி உள்ளே வந்துவிடும். ஒருமுறை கடையில் கத்தரிக்கோல் பட்டு எனக்கு விரலில் கட்டுப் போட்டிருந்தது. பிளாஸ்திரியைப் பிய்க்கப் போனவனைத் தடுத்து, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி அரைமணி நேரம் எடுத்தாள். ஒரு இழுப்பில் வந்திருக்கும். தண்ணீர் கலக்கிற பால்காரரை நிறுத்த அவளுக்கு ஆறு மாதம் ஆயிற்று. முதலில் அரை லிட்டர் குறைத்தாள், பிறகு கால், பிறகு வாரத்துக்கு நாலு நாள். கடைசியில் அவரே, "இன்னா மாமி, உடம்பு கிடம்பு சரியில்லியா? பாலே வாங்க மாட்றியே" என்று விசாரித்துவிட்டு, அன்றைக்கு ஒரு கால் லிட்டர் இலவசமாக ஊற்றிவிட்டுப் போனார்.

எதிர்வீட்டுப் பெண் கதையில்தான் எனக்கு முதலில் லேசாக உறுத்தியது. அந்தப் பெண்ணுக்குச் சுருதி நிற்காது. மாடியில் இருக்கிற எனக்கே தெரியும், நான் நாதஸ்வரத்தைத் தவிர வேறெதையும் உட்கார்ந்து கேட்டவன் இல்லை. மார்கழியில் பாட வாய்ப்புக் கேட்கலாமா என்று மாமியிடம் வந்து பாடிக் காட்டினாள். மாமி முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பேஷா கேளு. கொஞ்சம் ஜலதோஷம் மாதிரி இருக்கு, அதான். மிளகுப்பால் சாப்பிடு" என்றாள். ஒரு மாதம் மிளகுப்பால் குடித்துவிட்டு அந்தப் பெண் ஒரு சின்ன சபாவில் மத்தியானக் கச்சேரி பாடினாள். இரண்டாவது உருப்படியில் ஜனங்கள் கேன்டீனுக்கு எழுந்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தவளை மடியில் போட்டு மாமி தட்டிக்கொடுத்தாள். "சொல்லியிருக்கலாமே மாமி" என்றேன் நான் பிறகு.

"எப்படிடா சொல்றது? குழந்தைக்கு வலிக்காதா?"

இந்த மாமிதான் ஒவ்வொரு ஏப்ரலிலும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, ஊட்டிக்கு மேற்கே ஒரு மலையாற்றில் ஒரு வாரம் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மாமிக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

மாமா தேயிலைக் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மீன் அங்கே ஆறுகளில் இருந்தது. கிளப்பில் துரைகளோடு சேர்ந்து பிடிக்கக் கற்றுக்கொண்டார், சாப்பிடவும் கற்றுக்கொண்டார். வீட்டுக்குள் மட்டும் மீன் வராது. நெஞ்சுவலி வந்த பிறகு அவரைத் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார, மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பிடித்த மீனையெல்லாம் விட்டுவிட்டாள். "அவர் கரையில உக்காந்துண்டு கத்துவார். விடாதேடீ, அது முக்கால் கிலோடீன்னு. எனக்குக் காதே கேக்காத மாதிரி இருப்பேன்." மாமா போன பிறகும் அவள் போவதை நிறுத்தவில்லை.

புழு மாட்டமாட்டாள். அது ஓர் உயிர். பூச்சி கட்டுவாள். சின்னத் தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றி, தண்ணீரில் உட்கார்ந்த ஈ போல மீனை ஏமாற்றுகிற பொய்ப்பூச்சி. அதற்கு மயிலிறகைக் கோயில் குளத்தோரம் விற்கிறவனிடம் வாங்கிச் சின்னச் சின்ன இழைகளாகப் பிரிப்பாள். என் கடையில் வெட்டிப்போட்ட பட்டு நூலும் ஜரிகைத் துணுக்கும் நான் கொண்டுவந்து தருவேன். ஜரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது கல்யாணப் புடவையோடதா?" என்று கேட்பாள். ஆமாம் என்றால் சந்தோஷம். முள்ளில் மீன் வாயைக் கிழிக்கிற ஒரு குட்டிப் பல் இருக்கும். அதை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவாள். "இப்போ சுலபமா வந்துடும். வலிக்கவே வலிக்காது. என் கையால இதுவரைக்கும் ஒரு உசிரு போனதில்ல, தெரியுமோ."

இதை அவள் பெருமையாகச் சொல்வாள். அவள் பெருமையடித்துக்கொண்டது இது ஒன்றுக்குத்தான். பையில் தூண்டிலோடு கட்டாயம் எடுத்துப்போவது நான்கு மல் துண்டுகள். மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் தைத்து, துவைத்து, மொடமொடவென்று காயவைத்தவை. மீனை வெறும் கையால் தொடமாட்டாள். மடி ஒரு காரணம். நம் கைச் சூடும் கரடும் அதற்கு வலிக்கும் என்பது இன்னொரு காரணம். துண்டில் ஏந்தித்தான் முள்ளை எடுப்பாள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மாமியைச் சொல்ல முடியாது.

எனக்கு ஃபோன் கிடையாது. ஊரில் எங்கள் வீட்டிலும் கிடையாது. கீழே மாமியின் நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். எனக்கு யாராவது பேசினால் மாமி கைப்பிடிச் சுவரில் கரண்டியால் தட்டுவாள், நான் இறங்கி வருவேன். அன்று செவ்வாய்க்கிழமை, கடையில் எனக்கு வார விடுமுறை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த ஊர்க்காரனைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்பினேன். மாமி வாசலிலேயே நின்றாள். "இன்னிக்கு இங்கயே சாப்பிடு" என்றாள். வற்றல் குழம்பு, சுட்ட அப்பளம். இரண்டாம் முறை சாதம் போட்டாள். "கொஞ்சம் படுத்துக்கோ" என்றாள். படுத்தேன், தூங்கியும் போனேன். நாலரை மணிக்கு, ராகு காலம் கழிந்த பிறகு, முட்டிவலியோடு மாடிப்படி ஏறி, கையில் காப்பியோடு வந்தாள்.

"உங்க அண்ணா பேசினார். அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். லீவு கெடைச்சா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னார். பதறாதே."

நான் பதறவில்லை. அப்பாவுக்கு மூட்டுவலி, இருமல் என்று ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும். எழும்பூரில் சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் கடையில் சொல்லாமல் எப்படிப் போவது என்று மறுநாள் போனேன். லீவு சொல்லிவிட்டு, மதியம் வரை புடவை விரித்துக் காட்டிவிட்டு, புதன்கிழமை ரயிலில் ஏறினேன். வியாழக்கிழமை காலை வீட்டுக்குப் போனபோது அப்பாவின் கட்டிலைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். புதன்கிழமை உச்சிநேரத்தில் போயிருந்தார். முந்தின நாள் ரயிலைப் பிடித்திருந்தால் புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அவர் பக்கத்தில் இருந்திருப்பேன்.

அண்ணன் என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவைதான் பேசினான். "அம்புட்டுத் தூரம் சொல்லியும் மறுநா ரயிலுக்கு வாரியேல. அப்பாவ விட கட பெருசாப் போச்சோ ஒனக்கு?"

எம்புட்டுத் தூரம் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. என்ன சொன்னாய் என்று அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மாமி மேல் பழி போடுவது போல இருக்கும், அவன் நம்பவும் மாட்டான். பேசாமல் இருந்துவிட்டேன். காரியம் முடிகிறவரை ஒரே வீட்டில் முகத்தைப் பார்க்காமல் இருந்தோம். அதற்குப் பிறகு அவன் ஃபோன் பண்ணவே இல்லை.

பதினேழாம் நாள் சென்னைக்கு வந்தேன். மொட்டைத் தலையோடு படியில் நின்று, "அண்ணன் என்ன சொன்னான் மாமி?" என்று கேட்டேன்.

"முடியல, வரச் சொல்லுங்கோன்னார். ஒரே இரைச்சல். எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து பேசினார் போலருக்கு. சரியாக் காதுலயே விழல." சொல்லும்போது அவள் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு ஃபோனில் இரைச்சல் வந்து நான் கேட்டதே இல்லை.

அழுகை வரவில்லை. கோபம் வந்திருக்கவேண்டும், அதுவும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல வேலைக்குப் போனேன், வந்தேன். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்களுக்கு முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டினேன், சிரித்தேன். 12பி பஸ்ஸில் நின்றுகொண்டே நிறுத்தம் தாண்டிப் போவேன், பிறகு திரும்பி நடப்பேன். மாமி தினம் ஒரு கிண்ணத்தில் கூட்டோ ரசமோ மாடிப்படியின் மூன்றாவது படியில் வைத்துவிட்டு, கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். நேரில் கொடுப்பதில்லை. நானும் கிண்ணத்தைக் கழுவி அதே படியில் வைத்துவிடுவேன்.

வேறு அறை பார்க்கலாமே என்று கடையில் கேட்டார்கள். சோம்பல் என்றேன். அண்ணன் சொன்னது மாமியிடம் இருந்தது, அதுதான் உண்மை. அதை வாங்காமல் அந்த வீட்டை விட்டுப் போக எனக்கு முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. இப்படியே எட்டு மாதம் போயிற்று.

ஏப்ரலில் மாமி, "இந்தத் தடவை என்னோட வரயா? பையெல்லாம் தூக்க முடியல" என்றாள். தூண்டில் சாமான்களைத் தவிர அவள் பையில் மாமாவின் ஸ்வெட்டரும் சத்துமாவும்தான் இருக்கும். சரி என்றேன். எதற்குமே அப்போது சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலையில் கோடைமழை தொடங்கியிருந்தது. புல்மேடுகளுக்கு நடுவே ஆறு, அகலம் ஒரு தெரு அளவுக்குத்தான். கரையில் முறுக்கிய மரங்களில் சிவப்புப் பூ. தண்ணீர் கண்ணாடித் தெளிவு, கால் வைத்தால் எலும்பு வரை குளிர். தங்க ஒரு தகரக் கொட்டகை, பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர். ஐம்பது வயதிருக்கும், காதை மூடி மப்ளர். மாமா காலத்திலிருந்து இருக்கிறவர்.

சென்னையில் மாடிப்படி ஏற முனகுகிற மாமியா இது என்று இருந்தது. ரப்பர் பூட்ஸ், மேலே ஸ்வெட்டர், புடவை முழங்காலுக்கு. மணிக்கட்டு மட்டும் அசையும். கயிறு பின்னால் போய், ஒரு கணம் காற்றில் நின்று, முன்னால் நீளும். "பூச்சி தண்ணியில விழக்கூடாது. உக்காரணும்." உட்கார்ந்தது. கல்லுக்குப் பின்னாலிருந்து மீன் எழும்பி அதன் மேல் வாயை மூடியது. மெதுவாக இழுத்துக் கொண்டுவந்து, தோளில் இருந்த மல் துண்டை விரித்து அதில் ஏந்தினாள். விலாவில் ரோஸ் பட்டை, உடம்பெல்லாம் மிளகு தூவின மாதிரி புள்ளி. துண்டால் பொதிந்து, முள்ளை எடுத்து, "அவ்வளவுதான், அவ்வளவுதான், ஆயிடுத்து" என்று குழந்தைக்கு ஊசி போட்டுவிட்ட மாதிரி சொல்லித் தண்ணீரில் விட்டாள். அது சரேலென்று போயிற்று. அன்று ஆறோ ஏழோ பிடித்தாள். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது என்று சொல்லவேண்டும், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆறாம் நாள் காலை எனக்குச் சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. கீழே நடந்தேன். ஆறு வளைகிற இடத்தில் சின்னத் தடுப்பணை ஒன்று உண்டு. காவல்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று, கம்பி வலையால் எதையோ அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். செத்த மீன்கள். ஒவ்வொன்றின் உடம்பிலும் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. விலாவின் இரண்டு பக்கமும், சரியாக ஒரு கை பிடிக்கிற இடத்தில்.

என்னைப் பார்த்ததும் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்."

"என்ன இது?"

"மீனு மேல வழவழன்னு வழும்பு இருக்கும் சார். அதான் அதுக்குச் சட்டை. காஞ்ச துணி பட்டா உரிஞ்சி வந்துடும். நாலஞ்சு நாள்ல அந்த எடத்துல பஞ்சு பூத்துரும், அப்புறம் பொழைக்காது. ஈரக் கையால புடிச்சா ஒண்ணும் ஆவாது. அம்மா பாவம், அதுக்கு வலிக்கக்கூடாதுன்னுதான் துணியில புடிக்கிறாங்க. அவங்க எந்திரிக்கிறதுக்குள்ள வருசா வருசம் நான் அள்ளிப் பொதைச்சிருவேன்."

கொட்டகைக்குத் திரும்பினேன். மாமி வாசலில் உட்கார்ந்து, காய்ந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். "நேத்திக்கு அந்தப் பெரிசு எவ்வளவு சமத்தா போச்சு பாத்தியா. என் கையால ஒரு உசிரு..." என்று ஆரம்பித்தாள்.

"செத்துப்போச்சு மாமி" என்றேன். "காஞ்ச துண்டால நீங்க பிடிச்சதெல்லாம் சாகுது. ஈரக் கையால பிடிக்கணுமாம். கீழ தடுப்பணையில மிதக்கு. அவர் சாக்குல அள்ளிக்கிட்டிருக்கார்."

அக்கறையில் சொன்னேனா, எட்டு மாதமாக வராத கோபத்தில் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மாமி துண்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து நடந்தாள். செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை. நான் பின்னால் போனேன். காவல்காரர் அவளைக் கண்டதும் சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"தெற" என்றாள்.

திறந்தார். மாமி குனிந்து பார்த்தாள்.

"எத்தனை வருஷமா?"

"ஐயா போனதுலேர்ந்து மா."

"ஏன் சொல்லல?"

"உங்க மனசு நோவும்னுதாம்மா."

"நோகட்டுமே!" மாமி கத்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "நோகறது என் மனசுதானே? அதுக்கு நீ யாரு பாத்துப் பாத்து மறைக்கறதுக்கு? அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே கையை நனைச்சிருப்பேன். நீ நல்லவனா இருக்கணும்னு இத்தனையும் சாகணுமா? சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்துல..."

அங்கே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

காவல்காரர் என்ன நடக்கிறது என்று புரியாமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் போய்விட்டார். மாமி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தண்ணீரில் முக்கி, அப்படியே வைத்திருந்தாள். விரல்கள் சிவந்துபோகிறவரை எடுக்கவில்லை.

"இப்படி உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

"எனக்கு நன்னாக் காதுல விழுந்தது. இரைச்சலே இல்ல. ஒரு வார்த்தை விடாம இருக்கு. சொல்லட்டுமா?"

நான் தலையாட்டினேன்.

அவள் தன் பாஷையில் சொல்லவில்லை. அண்ணனின் பேச்சை அப்படியே, அவன் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்திச் சொன்னாள். மயிலாப்பூரைத் தாண்டாத அந்த நாக்கில் எங்கள் ஊர்ப் பேச்சு ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. எத்தனை முறை தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தாளோ.

"'எம்மா, தம்பிட்ட உடனே சொல்லிருங்க. அப்பா நாளைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவனத்தான் தேடுதாவ. வாசலயே பாத்துக்கிட்டுக் கெடக்காவ. யாரு தண்ணி குடுத்தாலும் வாய மூடிக்கிடுதாவ, சின்னவன் வரட்டும்னு சொல்லுதாவ. எதுக்கும் நிக்க வேண்டாம், இன்னைக்கு ரயிலுக்கே ஏத்தி விட்ருங்கம்மா. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்.'"

சொல்லி முடித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றாள். "வேற ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டார்."

எனக்கு வலித்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, நெஞ்சில், அடிவயிற்றில், எல்லா இடத்திலும் வலித்தது. அப்பா தண்ணீர் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். சத்தம் போட்டு அழுதேன். மேட்டில் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

மாமி மடியில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்துப் பக்கம் கொண்டுவந்தாள். பாதியில் கை நின்றது. துண்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். நான் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.